சின்னக் காலேஜ்ல பிள்ளையச் சேக்கலாமா? கடையத்து அண்ணாச்சிக்கு ஒரு நீளமான பதில்

அண்ணாச்சி, நீங்க கேட்டது மொத்தம் நாலு விஷயம். மக பிளஸ் டூ முடிச்சிருக்கா, பாளையங்கோட்டையில ஒரு சின்னக் கிறிஸ்தவக் காலேஜ்ல பி.ஏ. வரலாறு கிடைச்சிருக்கு, கோயம்புத்தூர்ல பெரிய காலேஜ் ஒண்ணுல பி.காம் சி.ஏ.வும் (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் சேந்த பி.காம்) கிடைக்கும்போல, பிள்ளைக்கு ஆசை வரலாறுலதான். ஆனா வீட்டுல ஆச்சி "சாமி கும்பிடுத குடும்பத்துப் பிள்ளைய வேதக்காரங்க காலேஜ்ல விட்டா என்னத்துக்கு ஆகும்"னு கேக்காவ. அது போக படிப்பு உருப்படியா இருக்குமா, ஹாஸ்டல் எப்படி, மூணு வருசம் கழிச்சி ஏதாவது சோலி கிடைக்குமா.

எனக்கு இதப் பத்திப் பேச கொஞ்சம் உரிமை உண்டு. நான் வீரவநல்லூர்க்காரி, பூமிநாதர் கோயிலுக்குப் பூக்கட்டிக் குடுத்த வீட்டுப் பிள்ளை. தொண்ணூறுகள்ல பாளையங்கோட்டையில இதே மாதிரி ஒரு சின்னக் காலேஜ்லதான் வரலாறு படிச்சேன், எங்க கிளாஸ்ல மொத்தமே பதினாலு பேரு. பொறவு இன்னொரு காலேஜ்ல பாடம் எடுக்கப் போயி இப்ப இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. சேக்கலாம்னுதான் சொல்லுவேன், ஆனா பணம் கட்டுததுக்கு முன்னால ரெண்டு மூணு காரியத்த நேர்ல போயி விசாரிக்கணும், அதத்தான் நீளமா எழுதுதேன், சாயங்காலம் காப்பி குடிச்சிட்டு வாசிங்க.

ஆச்சி கேள்விய மொதல்ல முடிச்சிருவோம். காலையில அசெம்பிளி உண்டு, ஒரு ஜெபம், ஒரு பைபிள் வசனம், சில இடத்துல ஒரு கீர்த்தனை, தமிழ்த்தாய் வாழ்த்து, எல்லாம் சேந்து பத்து நிமிசம். சும்மா நின்னா போதும். சட்டமும் அப்படித்தான் சொல்லுது, அரசியலமைப்புல 28-வது பிரிவோட மூணாவது உட்பிரிவு, அரசாங்க அங்கீகாரமோ உதவியோ வாங்குத எந்தக் கல்வி நிலையத்துலயும் ஒருத்தரோட சம்மதம் இல்லாம மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ உக்கார வைக்கக் கூடாது, மைனர்னா பெத்தவங்க சம்மதம் வேணும். டைம்டேபிள்ல வாரத்துக்கு ஒரு பீரியட் கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கு வேதபாடம் இருக்கும், அதே நேரம் மத்தவங்களுக்கு நீதிபோதனை. நாங்க படிச்சப்ப அந்த நீதிபோதனை முக்காவாசி அரட்டையாத்தான் போச்சு.

ரெண்டாம் வருசம் கிறிஸ்மஸ் கேரல் பாட்டுக்கு ஆல்டோங்கிற தாழ்ந்த பெண்குரலுக்கு ஆளு பத்தலன்னு என்னயும் இழுத்து விட்டுட்டாவ. நெத்தியில திருநீறு, வெள்ளச் சேலை, கையில மெழுகுவர்த்தி, நானும் போயி வரிசையில நின்னேன். கேரல் மாஸ்டர் என்ன மேல கீழ பாத்துட்டு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "ஏட்டி, மூணாவது லைன்ல சுருதி இறங்குதே, கவனிக்கியா இல்லியா"ன்னு. எங்க அப்பா வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டு வீட்டுல போயி அம்மாகிட்ட "நல்லாத்தான் பாடுதாவ, நம்ம திருப்பாவை மாதிரி மார்கழிக் குளிருக்கு இதமா இருக்கு"ன்னாவளாம்.

பேசிப் பாக்கவே மாட்டாவளான்னா, அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். ஹாஸ்டல்ல ஜெபக்கூட்டம் வைக்கிற சீனியர் அக்காமார் ஒண்ணு ரெண்டு பேரு மதப் பிரச்சாரக் கைப்பிரதி குடுப்பாவ, "நீயும் வாயேன்"னு கூப்பிடுவாவ, வேண்டாம்க்கான்னு சொன்னா அதோட விட்டுருவாவ. எனக்கு ஒரு தடவ கொஞ்சம் அதிகமாப் போச்சு, பரீச்சைக்கு மொத நாள் தலையணைக்கு அடியில ஒருத்தி ஒரு கட்டு கைப்பிரதிய வச்சிட்டுப் போயிருந்தா, நான் கோவத்துல அத அப்படியே தூக்கிட்டு வார்டன் ரூமுக்குப் போனேன். வார்டன் அம்மா அவளக் கூப்பிட்டு "அவ படிக்கா, அவளப் படிக்க விடு, அதுவும் ஊழியந்தான்"னு சொல்லி அனுப்பினாவ. அதுக்குப் பொறவு படிச்சி முடிக்க வரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. எல்லா வார்டனும் இப்படி இருப்பாவன்னு நான் கியாரண்டி தர முடியாது, ஆனா இத்தன வருசத்துல நான் பாத்த வரைக்கும் நம்ம பிள்ளைங்க போனபடியேதான் திரும்பி வந்திருக்கு, கூட ரெண்டு கீர்த்தனையும் பிரியாணிப் பக்குவமும் தெரிஞ்சிக்கிட்டு.

மதத்தப் பரப்பத்தானே கட்டினாவன்னு ஆச்சி மடக்கினா, கட்டினவங்களுக்கு அந்த எண்ணம் இல்லாம இல்லன்னு ஒத்துக்கிடுங்க. ரேனியஸ் ஐயர்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் 1820-ல பாளையங்கோட்டைக்கு வந்தாரு, ஊர் ஊராப் பள்ளிக்கூடம் வச்சாரு, அந்த மனுசன் கோயில் மட்டும் கட்டிட்டுப் போகல, 1832-ல பூமி சாஸ்திரம்னு தமிழ்ல பூகோளப் புஸ்தகமே எழுதினாரு. அந்த மிஷன் வழியில வந்ததுதான் 1878-ல ஆரம்பிச்ச செயின்ட் ஜான்ஸ், 1895-ல காலேஜ் ஆன சாரா டக்கர். இந்த சாரா டக்கர் அம்மா இந்தியாவ ஒரு தடவ கூடப் பாத்ததில்லங்கது எங்க பிள்ளைங்களுக்கே தெரியாது, இங்கிலாந்துல இருந்துகிட்டே இங்க உள்ள பொம்பளப் பிள்ளைங்க படிப்புக்காகக் காசு சேத்துக் குடுத்தவங்க. சேசு சபைக்காரங்க 1923-ல சேவியர்ஸ ஆரம்பிச்சாவ. தாமிரபரணி ஆத்துக்கு அந்தப் பக்கம் பேட்டையில இந்துக் கல்லூரி, இந்தப் பக்கம் ரஹ்மத் நகர்ல சதக்கத்துல்லா அப்பா. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நோக்கத்துல கட்டினாவ, பிள்ளைங்க அவங்கவங்க நோக்கத்துல படிச்சிட்டுப் போகுது. இதையெல்லாம் வச்சித்தான் பாளையங்கோட்டைய தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுன்னு சொல்லுதாவ, ஆக்ஸ்போர்டப் பாத்துட்டு வந்தவங்க யாரும் அப்படிச் சொன்னதா எனக்குத் தெரியல, இருந்துட்டுப் போகட்டும்.

இப்ப படிப்புக்கு வாரேன், இதுதான் முக்கியம். சிலபஸ்ஸப் பொறுத்த வரைக்கும் சின்னக் காலேஜ் பெரிய காலேஜ்னு ஒண்ணும் இல்ல. சேவியர்ஸ் மாதிரி அட்டானமஸ்னா அவங்களே போட்டுக்கிடுவாவ, இல்லன்னா அபிஷேகப்பட்டியில உள்ள மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி போடுத அதே பாடம்தான் தென்காசியில படிச்சாலும் நாசரேத்துல படிச்சாலும். தியரி பேப்பருக்கு வெளிப் பரீட்சை 75 மார்க், இன்டர்னல் 25. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். இதெல்லாம் எங்க போனாலும் உள்ளதுதான்.

பார்ட் ஒண்ணுல தமிழ், பார்ட் ரெண்டுல இங்கிலீஷ், பார்ட் மூணுல மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்), பார்ட் நாலுல வேற துறைப் பாடம் ஒண்ணு ரெண்டு, சுற்றுச்சூழல், நீதிநெறி, பார்ட் அஞ்சுல என்.எஸ்.எஸ். மாதிரி வெளி வேலை. இதப் பாத்துட்டு நிறைய பேரு "வரலாறு படிக்க வந்த பிள்ளைக்கு எதுக்குத் தமிழ், கெமிஸ்ட்ரி படிக்க வந்தவனுக்கு எதுக்குக் கம்பராமாயணம்"னு கேக்காவ. இப்ப வடக்க லிபரல் ஆர்ட்ஸ்னு சொல்லி வருசத்துக்கு லட்சக்கணக்குல வாங்குத யுனிவர்சிட்டி எல்லாம் விக்கது இதத்தான் அண்ணாச்சி, ஒரு பாடத்த ஆழமாப் படி, கூடவே நாலு பாடத்தத் தொட்டுப் பாரு, மொழிய நல்லாப் படி. நம்ம ஊர்ல அது பேரில்லாம பழைய பழக்கமா கெடக்கு. பார்ட் ஒண்ணு தமிழ் கிளாஸ் எங்களுக்கு கம்பைண்டு கிளாஸ், வரலாறு, பொருளாதாரம், கெமிஸ்ட்ரி எல்லாம் ஒரே ஹால்ல. தேவாரம், சீறாப்புராணம், நம்ம ஜில்லாக்காரர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையோட கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் எல்லாத்துல இருந்தும் ஒவ்வொரு பகுதி வச்சிருந்தாவ. தேவாரத்த எடுத்தது பாளையங்கோட்டை கதீட்ரல்ல ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிக்கிற ஐயா, பதிகத்த ராகம் போட்டுப் பாடித்தான் அர்த்தம் சொல்லுவாரு. இத ஆச்சிகிட்ட சொல்லுங்க.

சிலபஸ் ஒண்ணுதான்னா பொறவு சின்னக் காலேஜ்ல என்ன விசேசம்னு கேப்பிய. நீங்க எழுதினத ஒருத்தர் வாசிப்பாரு, அதுதான் விசேசம்.

எங்க ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) மொத செமஸ்டர்லயே ஒரு வேலை குடுத்தாரு, அவங்கவங்க ஊர்ல ஒரு தெருவ எடுத்துக்க, அந்தத் தெருவுக்கு ஆளுங்க எப்ப வந்தாவ, எங்க இருந்து வந்தாவ, என்ன தொழில் பாத்தாவ, பன்னெண்டு பக்கத்துல எழுது. நான் எங்க ஊரு சௌராஷ்டிரா நெசவாளர் தெருவ எடுத்தேன். கூகுளா இருந்துச்சு அப்போ, ஒண்ணும் கிடையாது, தறிக்குழி ஓரமா உக்காந்து ஒரு தாத்தாகிட்ட கேட்டு கேட்டு எழுதினேன், அவரு தறியில நாடா ஓடுத சத்தத்துக்கு மேல கத்திச் சொல்லுவாரு, நான் மடியில நோட்ட வச்சிக்கிட்டு எழுதுவேன். கொண்டு போயிக் குடுத்தா மறுநாள் திரும்பி வந்திச்சு, முழுக்கச் செவப்பு மை. "முந்நூறு வருசத்துக்கு முன்னாலன்னு எழுதிருக்கியே, யாரு சொன்னா? தாத்தா சொன்னாருன்னா தாத்தா சொன்னாருன்னு எழுது, நீயே பாத்த மாதிரி எழுதாத." திருத்திக் குடுத்தேன், மறுபடியும் செவப்பு மை. "தெருவுல பொம்பளைங்களே இல்லியா? பாவு ஓட்டுதது யாரு?" மூணாவது தடவ போயி அந்தத் தாத்தா வீட்டு ஆச்சிகிட்ட உக்காந்தேன், அவங்க சொன்னதுல நாலு பக்கம் புதுசா வந்திச்சு. இன்டர்னல்ல அதுக்கு மொத்தமே அஞ்சு மார்க்குதான், எனக்கு விழுந்தது நாலு. ஆனா ஒருத்தர் சொன்னதுக்கும் நானாப் பாத்ததுக்கும் என்ன வித்தியாசம்னு அன்னைக்குத் தெரிஞ்சதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சோறு போடுது. பதினாலு பேருங்கதால அவரால பதினாலு கட்டையும் மூணு மூணு தடவ வாசிக்க முடிஞ்சிச்சு. அறுபது பேரு உள்ள கிளாஸ்ல நான் இப்ப அதே அசைன்மெண்ட குடுக்கேன், உள்ளதச் சொல்லுதேன், ஒரு தடவ வாசிக்கதுக்கே நாக்கு தள்ளுது.

டூர்னு ஊட்டிக்குப் போகல நாங்க. திருச்செந்தூர் பஸ்ஸ பிடிச்சி மொதல்ல கிருஷ்ணாபுரம், அங்க வெங்கடாசலபதி கோயில் சிற்பம், பொறவு அதே ரோட்டுல முதுமக்கள் தாழி தோண்டி எடுத்த ஆதிச்சநல்லூர். இப்ப அங்க குழிக்கு மேல கண்ணாடி போட்டு ஆன் சைட் மியூசியம் வச்சிருக்காவ, அப்ப வெறும் பரம்பு, உடமரம், வெயிலு. 1899-ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரியா தோண்டினது, அதுக்கு முன்னால 1876-லயே ஜாகர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்தது, எல்லாத்தையும் சார் நின்ன இடத்துலயே சொன்னாரு. எங்க கூட வந்த பையன் ஒருத்தன் கருப்பு செவப்பு ஓடு ஒண்ண எடுத்து பாக்கெட்டுல போட்டுட்டான், சார் பாத்துட்டாரு, திட்டல. "எந்த இடத்துல எடுத்தியோ அதே இடத்துல வச்சிட்டு வா"ன்னாரு, அவன் முழிக்கான், எந்த இடம்னு அவனுக்கே தெரியல. "பாத்தியாலே, இப்ப அது வெறும் ஓடு, எடுக்கதுக்கு முன்னால அது வரலாறு"ன்னாரு. அந்தப் பையன் இன்னைக்கு மதுரப் பக்கம் ரெவின்யூல பெரிய சோலியில இருக்கான், பழைய ஆவணத்த யாராவது இடம் மாத்தி வச்சா கோட்டி பிடிச்ச மாதிரி கத்துவானாம்.

லைப்ரரியும் அப்படித்தான், பெரிய காலேஜ்ல கம்ப்யூட்டர் தேடித் தரும், இங்க லைப்ரரியன் தேடித் தருவாவ, நீ என்ன படிக்கன்னு அவங்களுக்குத் தெரியும். மிஷன் காலத்துப் புஸ்தகம் எல்லாம் சில அலமாரியில பூட்டியே கெடக்கும், கால்டுவெல் 1881-ல எழுதின திருநெல்வேலிச் சரித்திரத்தோட பழைய பிரதிய எனக்கு எடுத்துக் குடுத்தப்ப எங்க லைப்ரரியன் சொன்னது "கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா"ன்னு. நீங்க காலேஜப் பாக்கப் போகும்போது லைப்ரரிக்குக் கண்டிப்பாப் போங்க. போன வாரம் எத்தன பிள்ளைங்க புஸ்தகம் எடுத்துச்சின்னு ரிஜிஸ்டரக் கேளுங்க, ரிஜிஸ்டர்ல தூசி இருந்தா அந்தக் காலேஜ விட்டுருங்க, எந்த சாமி பேரு வச்சிருந்தாலும் சரி.

நல்லத மட்டும் சொன்னா நான் பிரின்சிபால் ஆபீஸ்ல இருந்து எழுதுன மாதிரி ஆயிரும். சின்னக் காலேஜ்ல ஒளிய இடம் கிடையாது. ரெண்டு நாள் வரலன்னா ட்யூட்டர் வீட்டுக்குப் போன் போடுவாரு, பஸ் ஸ்டாண்டுல யார் கூட நின்னு பேசினாலும் மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல தெரியும், ஒரு லெக்சரருக்கு உங்க மகளப் பிடிக்காமப் போச்சுன்னா அவரே ரெண்டு மூணு பேப்பருக்கு வருவாரு, இன்டர்னல் 25-ம் அவரு கையில. பெரிய காலேஜ்ல ஆள மாத்திக்கிடலாம், இங்க மாத்த ஆளு இல்ல. பொறவு போட்டி கம்மி, கிளாஸ்ல மொதப் பிள்ளையா இருக்கது சுலபம், அதுவே ஏமாத்தும், நாமதான் கெட்டிக்காரின்னு நெனச்சிட்டு வெளிய போனா மெட்ராஸ் பிள்ளைங்க இங்கிலீஷ்ல பொரிஞ்சி தள்ளும்போது வாயடைச்சி நிக்கணும், நான் எம்.ஏ. போனப்ப நின்னேன்.

அடுத்து எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா. இதக் கேக்காம பணம் கட்டாதீங்க. ஒரே காலேஜ்ல ஒரே காம்பவுண்டுல ரெண்டும் ஓடும். எய்டடு கோர்ஸ்னா வாத்தியாருக்கு சம்பளம் அரசாங்கம் குடுக்கும், பீஸ் சில ஆயிரத்தோட முடிஞ்சிரும். செல்ஃப் ஃபைனான்ஸ்னா எல்லாம் பிள்ளைங்க பீஸ்ல இருந்து, அதனால பல மடங்கு. வரலாறு, பொருளாதாரம், தமிழ் மாதிரி பழைய பாடமெல்லாம் பழைய காலேஜ்கள்ல பெரும்பாலும் எய்டடுல இருக்கும், கம்ப்யூட்டர், பி.காம் சி.ஏ. மாதிரி புதுசா வந்ததெல்லாம் பெரும்பாலும் செல்ஃப்புல இருக்கும். எய்டடுன்னு போர்டு இருந்தாலும் உள்ள எத்தன பேரு நிரந்தரம்னு கேளுங்க, ஆளு ரிட்டயர் ஆன இடத்துல வருசக்கணக்கா ஆளப் போடாம கெஸ்ட் லெக்சரர வச்சி ஓட்டுத இடமும் உண்டு. நானே ஒரு காலேஜ்ல, பேரு வேண்டாம், செல்ஃப் பிரிவுல அஞ்சு வருசம் இருந்தேன், வாரத்துக்கு இருபது மணிநேரம் கிளாஸ், சம்பளம் கொத்தனார் கையாளுக்குக் குடுக்கதவிடக் கம்மி, மே மாசம் அதுவும் கிடையாது. பிள்ளைங்களுக்கு முன்னால அதக் காட்டிக்கிடாம பாடம் எடுத்தோம், ஆனா அந்த வருசங்கள்ல நான் யாரு பேப்பரையும் மூணு தடவ வாசிக்கல, சாயங்காலம் ட்யூஷனுக்கு ஓடினாத்தான் வாடகை. அதனால பாடம் எடுக்கவங்க நிம்மதியா இருக்காவளான்னு பாருங்க, பிள்ளை படிப்பு பாதி அதுலதான் இருக்கு. காலேஜுக்குத் தரம் போட வருத நாக் கமிட்டி வாரதுக்கு முன்னாடி போயிராதீங்க, அப்ப எல்லாக் காலேஜும் பெயிண்ட் அடிச்சி மாப்பிள்ளை மாதிரி நிக்கும்.

சீட்டப் பத்தி ஒரு வார்த்தை. சிறுபான்மைக் காலேஜ்னா அவங்க பிள்ளைங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கிக்கிடலாம், எய்டடுல அது 50 சதவீதம் வரைக்கும்னு 1991-ல டெல்லி ஸ்டீபன்ஸ் காலேஜ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு, 2002-ல அந்த அளவு கறாரா வேண்டாம், அந்தந்த மாநிலம் முடிவு பண்ணட்டும்னு மாத்திச்சு. மீதி நமக்கும்தான். வரலாறுக்கு அடிபிடி எல்லாம் கிடையாது, யாராவது "சீட்டு வாங்கித் தாரேன்"னு காசு கேட்டா சிரிச்சிட்டு வந்துருங்க.

ஹாஸ்டல். கேட்டு சாயங்காலம் ஆறு, ஆறரைக்கே பூட்டிருவாவ, பொறவு ஸ்டடி அவர், ராத்திரி ஜெபம், லைட்ட அணைக்க பத்து பத்தரை. போன் விஷயத்துல ஒவ்வொரு ஹாஸ்டலும் ஒவ்வொரு மாதிரி, கேட்டுக்கிடுங்க. சாப்பாடு ஹாஸ்டல் சாப்பாடுதான், சாம்பார்ல பருப்பத் தேடணும், ஞாயிற்றுக்கிழமை கோழி உண்டு, நீங்க சைவம்னா மொதல்லயே எழுதிக் குடுக்கணும், அன்னைக்கு உங்களுக்கு உருளைக்கிழங்கும் அப்பளமும். அசனம்னு ஒண்ணு இருக்கு, சி.எஸ்.ஐ. சபைகள்ல பண்டிகைக்கு ஊரே சேந்து பொங்கிச் சாப்பிடுதது, கூட்டாளி வீட்டுல இருந்து கூப்பிடுவாவ, கறிச்சோறு வாளி வாளியா வரும், சாதி பாக்காம எல்லாரும் ஒரே பந்தியில உக்காரணும்னுதான் ஏற்பாடு. நான் சைவம், எனக்காக ஒரு சிநேகிதியோட அம்மா தனியா ஒரு தூக்குச்சட்டியில சாம்பாரும் அவியலும் வச்சி, இலையில கறி படாம ஓரத்துல உக்கார வச்சி பரிமாறினாவ. அதே மாதிரி தசராவுக்கு பாளையங்கோட்டையில அம்மன் சப்பரம் எல்லாம் ராத்திரி வரும்போது கிறிஸ்தவப் பிள்ளைங்க எல்லாம் ஹாஸ்டல் மொட்டைமாடியில ஏறி நின்னு எட்டிப் பாக்கும், நான்தான் ஆயிரத்தம்மன் எது மத்தது எதுன்னு சொல்லுத கைடு.

தினமும் கடையத்துல இருந்து வந்து போகலாமான்னும் கேட்டிருந்திய. செங்கோட்டை பாசஞ்சர் கீழக்கடையத்துல நிக்கும், ஜங்ஷன் வந்து அந்தத் திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ். முடியும், எத்தனையோ பிள்ளைங்க வருது, ஆனா நாளுக்கு மூணு நாலு மணிநேரம் ரோட்டுலயும் ரயில்லயும் போயிரும், லைப்ரரி, என்.எஸ்.எஸ்., கேரல், கல்ச்சுரல்ஸ், இதெல்லாம் நடக்கது மூணு மணிக்கு மேலதான். வந்து போற பிள்ளைக்கு காலேஜுங்கது வெறும் கிளாஸ்ரூம் ஆயிரும். ஒரு வருசமாவது ஹாஸ்டல்ல விடுங்க.

வேலை. பி.ஏ. வரலாறு படிச்சா நேரா யாரும் கூப்பிட்டு ஆர்டர் குடுக்க மாட்டாவ, அத ஒளிக்க வேண்டாம். எங்க பிள்ளைங்க போறது பெரும்பாலும் மூணு வழி. ஒண்ணு பி.எட்., பாளையங்கோட்டையிலயே சேவியர்ஸ், இக்னேஷியஸ்னு பி.எட். காலேஜ் இருக்கு, பொறவு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு)ன்னு எழுதணும், பொறுமை வேணும். ரெண்டு டி.என்.பி.எஸ்.சி., இதுல வரலாறு படிச்ச பிள்ளைக்கு ஒரு வசதி, பொது அறிவுல இந்திய வரலாறு, தமிழ்நாட்டு வரலாறு, அரசியலமைப்பு எல்லாம் மூணு வருசம் படிச்சதுதான். அதுலயும் குரூப் 4-ல தமிழ்ப் பகுதியில 150-க்கு 60 எடுக்கலன்னா மத்த விடைய திருத்தவே மாட்டாவ, பார்ட் ஒண்ணு தமிழ "எதுக்கு"ன்னு கேட்ட பிள்ளைங்க அங்கதான் முழிக்கும். மூணாவது வழி மேல படிக்கது, எம்.ஏ., நெட் (காலேஜ் வாத்தியார் தகுதித் தேர்வு), ஆராய்ச்சி, தொல்லியல், ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைன்னு நம்ம ஆத்தங்கரைப் பக்கமே இந்தக் கொஞ்ச வருசத்துல தோண்டிருக்காவ, தொல்லியல்ல ஆசை உள்ள பிள்ளைக்கு நம்ம பக்கத்த விட்டா வேற எங்க. பி.காம் சி.ஏ. படிச்சா சின்னதா ஒரு கணக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும், அது உண்மை. ஆனா பிடிக்காத பாடத்த பிடிச்ச மாதிரி மூணு வருசம் நடிச்சி அரியரோட வார பிள்ளைங்களையும் நான் கணக்கில்லாமப் பாத்திருக்கேன், அரியர் வச்ச பி.காம்க்கு எந்த ஆடிட்டரும் சோலி தர மாட்டாரு.

பாப்பா ஆறுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலதான் படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், அரசு உதவிபெறுத பள்ளியில தமிழ் மீடியம்னாலும் இப்ப உண்டு. ஆதார்ல உள்ள பேரும் மார்க் ஷீட்டுல உள்ள பேரும் ஒரே எழுத்துல இருக்கான்னு இப்பவே பாருங்க. வருசா வருசம் எங்க ஆபீஸ் வாசல்ல அழுதுட்டு நிக்கிற பிள்ளைங்க முக்காவாசி இனிசியல் மாறின கேசுதான்.

போகும்போது ஒரு நாள் முழுக்க ஒதுக்கிப் போங்க, காலையில அசெம்பிளி நேரத்துல கேட்டு பக்கத்துல நின்னு கேளுங்க, மத்தியானம் கேண்டீன்ல உக்காந்து மூணாம் வருசப் பிள்ளைங்ககிட்ட பேச்சுக் குடுங்க, "உங்க பேப்பர திருத்திக் குடுக்காவளா, சும்மா டிக் மட்டும் போடுதாவளா"ன்னு கேளுங்க, பிள்ளைங்க பொய் சொல்லாது. ஆச்சியையும் கூட்டிட்டுப் போங்க. வேதக்கோயில்னு தயங்கினா கதீட்ரல் உள்ள எல்லாம் கூட்டிட்டுப் போக வேண்டாம், காலேஜ்ல வேப்பமரத்தடி திண்டு ஏதாவது இருக்கும், அங்க உக்கார வச்சிட்டு நீங்க ஆபீஸ் வேலையப் பாருங்க, நீங்க சலான் கட்டிட்டு வாரதுக்குள்ள நாலு பிள்ளைங்க ஆச்சியச் சுத்தி உக்காந்து எந்த ஊரு, என்ன கொழம்புன்னு கேட்டுட்டிருக்கும்.